12 மாதமா, 18 மாதமா?

வெள்ளவத்தைக்காரன்:
“இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2022-இல் திருத்திவிட்டது, இன்னும் அழுவதில் அர்த்தமில்லை” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 16ஆம் பிரிவில் கை வைத்தார்களா? உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அதற்கு மேலானவரிடமோ கொடுத்த குற்ற ஒப்புதல் இன்றைக்கும் சாட்சியம்தான். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் ஒத்துக்கொண்டது செல்லாது. கோழி திருடியவனுக்கு இருக்கிற பாதுகாப்பு இவனுக்கு இல்லை.

பம்பலப்பிட்டி77:
எழுதியது நான்தான். தடுப்புக்காவல் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்ததா, இல்லையா?

வெள்ளவத்தைக்காரன்:
குறைந்தது. நான் கேட்டது 16ஆம் பிரிவை.

பம்பலப்பிட்டி77:
சரி, ஒத்துக்கொண்டீர்கள். உள்ளே இருப்பவனுக்கு ஆறு மாதம் சின்ன விஷயமா? சட்டம் படிப்படியாகத்தான் மாறும்.

வெள்ளவத்தைக்காரன்:
1979-இல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள், 1982-இல் நிரந்தரமாக்கினார்கள். இன்னும் எத்தனை படி ஐயா? என் அண்ணாவை 2008-இல் பிடித்தார்கள். குற்ற ஒப்புதல் என்று சிங்களத்தில் தட்டச்சு செய்த நாலு தாள். அவனுக்கு பஸ்ஸின் சிங்களப் போர்டைக்கூட வாசிக்கத் தெரியாது. கடைசித் தாளில் தமிழில் கையெழுத்து, பேனா எழுதாமல் முதல் எழுத்தை இரண்டு தரம் கீறியிருந்தான். புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி அதைக் காட்டியபோது அம்மா அந்த எழுத்தைத்தான் விரலால் தடவிக்கொண்டிருந்தா. வெருட்டி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டியதும் அவனாம்!

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, நெஞ்சு கனக்குது. அந்தச் சுமையை குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில் போடுவது பிழை என்று சிங்கராசா வழக்கில் ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இலேயே சொன்னது. 2006-இல் நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இனிப் பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும்.

பம்பலப்பிட்டி77:
அக்கா, போன மாதம் வீட்டு வாடகைச் சண்டையிலும் இவர் இப்படித்தான் குடும்பக் கதையைக் கொண்டுவந்து எல்லாரையும் வாயடைத்தார். நான் கேட்டது 12ஆ, 18ஆ என்று.

வெள்ளவத்தைக்காரன்:
வாடகையை ஏன் இழுக்கிறீர்? அன்றைக்கு என்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டு அழித்தது நீர். நான் மறக்கவில்லை.

பம்பலப்பிட்டி77:
அழித்தது நான் இல்லை, இந்தத் தளத்தை மட்டறுப்பவர்.

கொட்டாஞ்சேனை அக்கா:
இரண்டு பேரும் 16ஆம் பிரிவுக்கு வாங்கோ.

வெள்ளவத்தைக்காரன்:
நான் அங்கேயேதான் நிற்கிறேன். 12 மாதத்தில் வெளியே விட்டாலும் அந்தத் தாள் வழக்குக் கோப்பில் இருக்கும். அதைச் செல்லாதது ஆக்கும் திருத்தம் எங்கே?

பம்பலப்பிட்டி77:
குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேலே போய்ப் பாருங்கள்.