உயிர்க்கிடைப்புத்தன்மையா, உடலொட்டா?

எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தைகளின் நுண்ணூட்டச்சத்து பற்றிய கட்டுரைக்காக அக்கா தமிழ்ச்சொல் கேட்டிருந்த 'பயோஅவைலபிலிட்டி' (உண்ட சத்தில் எவ்வளவை உடல் உறிஞ்சிப் பயன்படுத்துகிறது என்பது) பற்றித்தான் எழுதுகிறேன். இதுவரை நம் குழுவில் வந்த பரிந்துரைகளில் 'உயிர்க்கிடைப்புத்தன்மை'தான் முன்னணியில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். கிடைப்பது என்றால் எங்கே, ரேஷன் கடையிலா? மூலச்சொல்லைத் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் சொல்லை எதற்காக உருவாக்க வேண்டும்?

முதலில் பொருளைப் பார்ப்போம். இதற்கு ஆனந்த பிரசாத்தின் ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பீகாரில் பிறந்த மருத்துவர், 1958இல் ஈரானின் ஷிராஸ் நகருக்கு வேலைக்குப் போனவர். அங்கே அவரிடம் வந்த ஓர் இளைஞனுக்கு வயது 21, பார்க்கப் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தான், பருவமாற்றம் எதுவும் இல்லை, கடும் ரத்தசோகை வேறு. சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டிதான், அதோடு மண் தின்னும் பழக்கமும் இருந்தது. வளர்ச்சி நின்றதற்குத் துத்தநாகக் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று 1961இல் எழுதினார், அப்புறம் எகிப்தில் நடந்த ஆய்வுகளில் அது உறுதியானது, துத்தநாகம் கொடுத்ததும் பையன்கள் வளர்ந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. தவிட்டில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, குடல் உறிஞ்சப் பெரும்பாலும் விடவில்லை. மாவைப் புளிக்கவைத்திருந்தால் பைட்டேட்டில் ஒரு பகுதி சிதைந்திருக்கும். நாம் கேழ்வரகை முளைகட்டுவதிலும் இட்லி மாவைப் புளிக்கவைப்பதிலும் நடப்பது இதேதான்.

இரும்பும் அப்படித்தான். இறைச்சியில் உள்ள, ஹீம் எனப்படும் வகை இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை உள்ளே போகும், கீரை, தானியங்களின் இரும்பு பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. எலுமிச்சை பிழிந்தால் கூடும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். ஆக, தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, பிள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது வேறு கணக்கு.

இந்த இரண்டாவது கணக்குக்கு நம் அம்மாக்களிடம் எப்போதோ சொல் இருக்கிறது. "என்னத்தத் தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்லாத தாய் உண்டா? அவள் குடல் உறிஞ்சுவதை மட்டும் சொல்லவில்லை, பிள்ளையின் கன்னத்தைப் பார்த்துச் சொல்கிறாள். உறிஞ்சியது, உடல் பயன்படுத்தியது, இரண்டும் அதில் அடக்கம். நமக்கு வேண்டிய பொருளும் அதுதானே. எனவே என் பரிந்துரை: உடலொட்டு. 'இரும்பின் உடலொட்டு', 'உடலொட்டு விகிதம்', 'உடலொட்டு குறைந்த உணவு' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், வாக்கியத்தில் இடறாமல் உட்காருகிறது. ஒட்டுமை என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன், இயற்பியலின் ஒட்டும் பண்போடு மோதும். அண்ணன் சொன்ன 'உடற்சேர்மை' அழகுதான், ஆனால் வேதியியல் படித்தவருக்கு உடனே சேர்மம் ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணத்துத் தம்பியின் 'அகத்துறிஞ்சல் திறன்' பாதிப் பொருளைத்தான் தருகிறது, இலங்கைப் பாடநூல்களில் 'அகத்துறிஞ்சல்' என்பது ஏற்கெனவே உறிஞ்சுதலுக்கான சொல்லாகப் போய்விட்டது. (இன்னொன்று: கட்டுரையில் துத்தநாகம் என்றே போடுவோம், வெறும் 'நாகம்' என்று வேண்டாம். வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 'நாகம்' கொடுங்கள் என்று எழுதினால் எங்கள் ஊரில் பாம்பையா கொடுக்கச் சொல்கிறீர்கள் என்பார்கள்.)

ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். மருந்தியலிலும் இதே மூலச்சொல் உண்டு, அங்கே மாத்திரையில் எவ்வளவு ரத்தத்துக்கு வந்தது என்பதுதான் பேச்சு. அதற்கு 'ஒட்டு' பொருந்தாது. அதற்கு வேறு சொல் வைத்துக்கொள்ளலாம், ஒரே சொல்லால் இரண்டையும் கட்டி இழுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தம்பி, உங்கள் பக்கத்து அம்மாமாரும் 'ஒட்டுது இல்லை' என்பார்களா, வேறு ஏதாவது சொல்வார்களா? வீட்டில் கேட்டு எழுதுங்கள், அது இன்னும் நன்றாக இருந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.