இன்னொரு குழாய்க்கிணறு அடிக்கிறதா, இருக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறதா?

படுவான்கரையான்:
வணக்கம். எங்களுடையது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வெள்ளாமைக் (நெல்) கிராமம். ஊருக்கென்று குடிநீர்ச் சங்கம் இருக்கிறது: ஒரு குழாய்க்கிணறு, ஒரு மேல்தாங்கி, நூற்றைம்பது வீடுகளுக்கு மேல் இணைப்பு. இந்த வருடம் என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். மாரியில் பிரச்சினை இல்லை. வைகாசி தாண்டினால் கோயிலடிக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு விடியற்காலையில் கொஞ்ச நேரம் நூலாக வரும், பிறகு வெறும் காற்றுத்தான். அந்தப் பக்கம் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற சனம், தண்ணீர் பவுசர் (தாங்கி லொறி) வருகிற நாளில் வேலையை விட்டுவிட்டுக் கலனோடு ரோட்டில் நிற்கிறார்கள். தாங்கிக்குக் கிட்ட உள்ள சில வீடுகளில் லைனிலேயே மோட்டர் பூட்டி இழுக்கிறார்கள், ஊர் முழுக்கத் தெரியும், கேட்க ஆளில்லை. வீட்டு மீற்றர்களில் பாதி ஓடாது, அதனால் எல்லாருக்கும் ஒரே மாதக் கட்டணம். கரண்ட் பில் கட்டினால் சங்கத்தில் ஒன்றும் மிஞ்சாது.

சபையில் பெரும்பாலானவர்கள் இன்னொரு குழாய்க்கிணறு அடிப்போம், யாரிடமாவது உதவி கேட்போம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்ல கையில் கணக்கும் இல்லை. இந்த வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி பைப் வேலை:
தம்பி, கிணற்றுக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு இரவு எல்லா வீட்டுக்கும் சொல்லி வாசல் வால்வைப் பூட்டச் சொல்லுங்கள். பம்பை நிறுத்தி, தாங்கியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று 11 மணிக்கு ஒரு கோடு போடுங்கள், விடிய 4 மணிக்குப் போய்ப் பாருங்கள். 3 மீற்றர் விட்டமுள்ள வட்டத் தாங்கி என்றால், 10 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் ஏறத்தாழ 700 லீற்றர் யாரும் குடிக்காமல் மண்ணுக்குள் போயிருக்கிறது. பிறகு ஒவ்வொரு கிளை லைனாகப் பூட்டிப் பாருங்கள், எதைப் பூட்டினால் இறக்கம் நிற்கிறதோ அந்த லைனில்தான் வேலை. உழவு மெசின் ஏறி இறங்கும் இடம், மதகடி, பழைய மூட்டு, இவைதான் வழமையாக வெடிக்கும். ஆடி மாதம் சுற்றிவரக் காய்ந்து கிடக்க, ரோட்டோரம் ஒரு இடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே மண்வெட்டியை வையுங்கள்.

பம்படியில் பெரிய மீற்றர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஓடாத வீட்டு மீற்றர்களையும் திருத்துங்கள். பெரிய மீற்றரில் ஏறிய யூனிட்டையும் வீட்டு மீற்றர்களின் கூட்டுத்தொகையையும் மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை கிணறு அடித்தாலும் ஓட்டைக்குத்தான் தண்ணீர் ஊற்றுவீர்கள். அப்புறம் ஒன்று, படுவான்கரையில் கீழே பாறை, தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கிறது. பழைய கிணற்றுக்குக் கிட்ட அடித்தால் ஒரே வெடிப்பிலிருந்து இரண்டும் இழுக்கும், கோடையில் இரண்டும் சேர்ந்து வற்றும்.

தம்பிலுவில் அக்கா:
அண்ணன் சொன்னது சரி. நாங்கள் கடற்கரைப் பக்கம், எங்கள் நிலைமை வேறு. மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள், மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும்? 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துப் பார்த்தும் பல இடங்களில் உப்புப் போகவில்லை, அடுத்தடுத்த மாரி மழைதான் கழுவியது. இதை வாசிக்கிற எழுவான்கரை (கடற்கரைப் பக்க) ஆட்கள் பெரிய மோட்டர் போட முன் யோசியுங்கள்.

தம்பிக்கு நான் சொல்வது, கடைசி வீடுகளுக்கு மழைநீர்த் தாங்கி கேளுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரைக்கு 100 மில்லிமீற்றர் மழை போதும், 5,000 லீற்றர் தாங்கி கிட்டத்தட்ட நிறைந்துவிடும், நம் பக்கம் மாரியில் அது பெரிய விசயமே இல்லை. ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 30 லீற்றர் எடுத்தால் ஐந்து மாதத்துக்கு மேல் வரும். முதல் மழையை வெளியே விடுங்கள், நுளம்பு போகாமல் வலை கட்டுங்கள். குழாய்த் தண்ணீர் குளிக்கக் கழுவ இருக்கட்டும்.

அம்பாறை ஓய்வு:
நீர்ப்பாசன வேலையில் இருந்தவன். ஓட்டையும் மீற்றரும் பாதிதான், மீதி மேலே உள்ளவன் கீழே உள்ளவனுக்கு விடுகிறானா என்பது. அம்பாறையில் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால் பகுதியில் 1981 சிறுபோகத்துக்கு (கோடை வெள்ளாமைக்கு) குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. அப்போது கிராமங்களில் தங்கியிருந்த இளம் அமைப்பாளர்கள் விவசாயிகளை வாய்க்கால் வாய்க்காலாகக் கூட்டிப் பேசவைத்தார்கள். தலைப்பக்கத்துக்காரர் முறை வைத்து மடையைப் பூட்டி வால்பக்கத்துக்கு விட்டார்கள். தலையில் சிங்களவர், வாலில் தமிழர் என்ற இடங்களிலும் தண்ணீர் கீழே போனது. ஆளையாள் முகம் பார்த்துப் பேசியதால் நடந்தது. உங்கள் சபையில் கோயிலடிக்கு அப்பால் இருந்து எத்தனை பேர்? முதலில் அவர்களை உள்ளே எடுங்கள், குறிப்பாகப் பெண்களை, தண்ணீருக்கு நிற்பது அவர்கள்தான்.

படுவான்கரையான்:
ஒருவர்கூட இல்லை ஐயா. அடுத்த கூட்டத்திலேயே பேசுகிறேன். மோட்டர் விசயத்தை எப்படி எடுப்பது? சண்டையில் முடியும் என்று பயமாக இருக்கிறது.

களுவாஞ்சிகுடி பைப் வேலை:
களவு என்று தொடங்காதீர்கள், சுகாதாரம் என்று தொடங்குங்கள். லைனில் மோட்டர் இழுத்தால் பைப்பில் அமுக்கம் போய்விடும், வெடித்த மூட்டுக்குப் பக்கத்தில் கான் (கழிவு வாய்க்கால்) தண்ணீர் இருந்தால் அதையும் உள்ளே உறிஞ்சும். குடிப்பது மோட்டர் பூட்டின வீட்டுப் பிள்ளைகளும்தான். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு அவர் வாயால் சொல்லவையுங்கள். மோட்டர் வேண்டுமென்றால் நிலத்தில் ஒரு தொட்டி கட்டி, லைன் தண்ணீர் அதில் தானாக விழ, அங்கிருந்து மேலே ஏற்றட்டும் என்று வழியையும் கொடுங்கள். அதுவரை கோயிலடி லைனுக்குத் தனி நேரம் வையுங்கள், காலையில் 2 மணித்தியாலம் மற்ற வால்வுகளைப் பூட்டி. வால்வுத் திறப்பு அந்தப் பக்கத்து ஆள் ஒருவரின் கையில் இருக்கட்டும்.