மூன்று அறைக்கு டிவி கேபிள்: ஆர்ஜி-59 போதுமா, ஆர்ஜி-6 வேண்டுமா?

கேள்வி:
புது வீட்டில் வயரிங் நடக்கிறது. மாடியில் டிஷ், கீழே மூன்று அறைகளில் டிவி. மூன்றிலும் தனித்தனிச் சேனல் ஓட வேண்டும். கடைசி அறைக்கு 35 மீட்டர் கேபிள் பிடிக்கும். எல்லாமே சுவருக்குள் பிவிசி பைப்பில். ஆர்ஜி-59 (ஆர்ஜி-6-ஐவிட மெல்லிய டிவி கேபிள்) ஒன்றை இழுத்து, மூன்றாகப் பிரிக்க ஸ்ப்ளிட்டர் போட்டால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரிதானா?

பதில் 1:
ஆர்ஜி-59, ஸ்ப்ளிட்டர் இரண்டுமே வேண்டாம், ஆர்ஜி-6 போடுங்கள். எல்என்பியிலிருந்து (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவி) இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. 2150 பக்கத்தில் 35 மீட்டருக்கு ஆர்ஜி-6 சுமார் 11 டெசிபல் இழக்கும். ஆர்ஜி-59 14, 15 வரை போகும். வானம் தெளிவாக இருந்தால் இரண்டிலும் படம் வரும். மழையில்தான் அந்த 3, 4 டெசிபலின் அருமை தெரியும்.

ஸ்ப்ளிட்டர் சரிவராததற்குக் காரணம் இழப்பு மட்டுமல்ல. செட்டாப் பாக்ஸ் அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்த போலரைசேஷன் (அலை அதிரும் திசை, நெடுக்கா கிடையா) வேண்டும் என்று எல்என்பியிடம் கேட்கிறது. சாதாரண எல்என்பியின் ஒரே அவுட்புட்டில் மூன்று பாக்ஸ் மாட்டினால், ஒன்று 18 அனுப்பியதும் 13 அனுப்பிய பாக்ஸில் சேனல் போய்விடும். நான்கு அவுட்புட் உள்ள குவாட் எல்என்பி வாங்கி, அறைக்கு ஒரு கேபிள் தனியாக இறக்குங்கள். குவாட்ரோ என்று எழுதியதை எடுத்துவிடாதீர்கள், அது பல பாக்ஸ்களுக்குச் சிக்னலைப் பங்கிடும் மல்டிஸ்விட்ச் என்ற தனிக் கருவிக்கானது.

பதில் 2:
ஆர்ஜி-6 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு முனையைச் சீவி, நடுக்கம்பியில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு, மேலே காப்பர் பூச்சு. சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் அதற்குக் குறையில்லை. எல்என்பிக்குப் போகும் மின்சாரத்துக்குத்தான் தடை கூடுகிறது: 35 மீட்டருக்கு நடுக்கம்பி மட்டும் 3.5 ஓம் அளவில். முழு காப்பரில் முக்கால் ஓம்தான். பூச்சுக் கம்பியும் இந்தத் தூரத்துக்கு ஓடும். ஆனால் கனெக்டர் கொஞ்சம் துருப்பிடித்தாலும் 18 வோல்ட் இறங்கி, ஒரு போலரைசேஷனில் உள்ள சேனல்கள் மட்டும் மறையும். ஆட்கள் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். சுவருக்குள் புதைக்கிற கேபிள், முழு காப்பரே போடுங்கள். காந்தம் ஒட்டாவிட்டாலும் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

கேட்டவர்:
நன்றி. கேபிளில் நான்கு அடுக்குக் கவசம் உள்ள குவாட் ஷீல்டு அவசியமா?

பதில் 3:
பக்கத்தில் மொபைல் டவர் இருந்தால் போடலாம். 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் மொபைல் அலைகள் உங்கள் சிக்னல் ஓடும் அதே எல்லைக்குள் வருகின்றன. இல்லையென்றால் மூன்று அடுக்குள்ள டிரை ஷீல்டு தாராளம். குவாட் ஷீல்டு கேபிள் தடிமன் கூடியது, அதற்கேற்ற கனெக்டர் வேண்டும்.

என்னைக் கேட்டால் ஷீல்டைவிட முனை வேலைதான் முக்கியம். திருகி ஏற்றும் எஃப் கனெக்டர் வேண்டாம், கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகை போடுங்கள். நடுக்கம்பி 6 மி.மீ., அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னல் 6 மி.மீ. தெரியும்படி சீவி, பின்னலை முழுவதும் பின்னால் மடியுங்கள். ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். வெள்ளை இன்சுலேஷன் கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், கம்பி விளிம்பைத் தாண்டி 2 மி.மீ. நீட்டினால் சரி.

பைப்பில் குறுகிய எல்போ வேண்டாம். வளைவு 7 செ.மீ. ஆரத்துக்குக் குறைந்தால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, கேபிளின் 75 ஓம் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான தடை, மல்டிமீட்டரில் தெரியாது) அங்கே கெட்டுவிடும். கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விடவே கூடாது. மாடி வெயிலில் கிடக்கும் பகுதிக்குக் கறுப்பு பாலித்தீன் உறை. வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு ஏற்றுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

சுவர்ப் பூச்சு வேலைக்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்துப் பிடித்து, மறுமுனையில் மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். 35 மீட்டர் முழு காப்பருக்கு 2 ஓம் அளவில் காட்டும். 4-ஐத் தாண்டினால் பூச்சுக் கம்பி வந்திருக்கலாம் அல்லது முனை சரியில்லை. சேர்த்ததைப் பிரித்த பிறகும் ஓம் காட்டினால் எங்கோ ஷார்ட்.