'பைஸ்டாண்டர்': கண்டோரா, உடனிருந்தோரா?

அன்புள்ள குழுவினர்க்கு,

உளவியல் பாடநூலில் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று நாளாக 'பைஸ்டாண்டர்' (ஒருவருக்கு இடர் நேரும்போது அங்கே இருக்க நேரும் அயலார்) என்ற சொல்லிலேயே நிற்கிறேன். 'பார்வையாளர்' என்றால் நாடகம் பார்ப்பவர் ஆகிவிடும். 'வேடிக்கை பார்ப்பவர்' என்று எழுதி அடித்துவிட்டேன். அது பழி சொல்லும் சொல். 2005இல் உளவியலாளர் லெவின் குழுவினர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களிடம் அந்த அணியைப் பற்றியே பேசவைத்து, பிறகு அவர்கள் கண்முன் ஒருவரை வழுக்கி விழச் செய்தார்கள். விழுந்தவர் யுனைடெட் சட்டையில் இருந்தபோது 13 பேரில் 12 பேர் உதவினார்கள். எதிரணியான லிவர்பூலின் சட்டைக்கு 10இல் 3தான். வேறு யுனைடெட் ரசிகர்களிடம் 'நான் கால்பந்து ரசிகன்' என்ற நினைப்பை எழுப்பியபோது லிவர்பூல் சட்டைக்கும் 10இல் 7 பேர் உதவினார்கள். சாதாரணச் சட்டைக்கு 9இல் 2. இவர்களை எப்படி வேடிக்கைக்காரர் என்பது?

– மொழிபெயர்ப்பாளர்

> எப்படி வேடிக்கைக்காரர் என்பது?

வெளியே தேடவே வேண்டாம் அம்மா. 'கண்டோர்' இருக்கிறது. சங்கப் பாடல்களில், காதலர் வீட்டார் அறியாமல் ஊரைவிட்டுச் செல்லும் உடன்போக்கில், தலைவனுக்கும் தலைவிக்கும் வழியில் எதிர்ப்படும் அயலார் அவர்கள். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதில்லை: பொழுது போயிற்று, வழி கொடியது என்று எச்சரிப்பார்கள். தொல்காப்பியத்தின் அகத்திணையியல் 'தடுப்பினும் விடுப்பினும்' என்றே சொல்கிறது. தலையிடுவதா, விட்டுவிடுவதா என்ற உங்கள் கேள்வியே அதில் அடங்கிவிட்டது. 'நொதுமலர்' இன்னும் நுட்பம், நட்பும் பகையும் இல்லாதவர். அதன் வேரைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

– இலக்கண ஆசிரியர்

> 'கண்டோர்' இருக்கிறது.

அருமையான சொல் ஐயா, ஆனால் வகுப்பில் நிற்காது. 1968இல் டார்லியும் லாட்டனேயும் செய்த சோதனையில் யாரும் எதையும் காணவில்லை. தனித்தனி அறையில் இருந்தபடி, ஒருவர் வலிப்பில் திணறுவதைக் காதால்தான் கேட்டார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் திணறல் ஓயுமுன்னே உதவி தேடிப் போனார்கள்; இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31தான். மாணவர்களுக்குக் கண்டவர் என்றாலே சாட்சிதான். 'உடனிருந்தோர்' போதுமே?

– உளவியல் ஆசிரியை

தனி அறையில் இருப்பவர் எப்படி உடனிருப்பார்? எனக்கு 'உடந்தை'தான் நினைவுக்கு வருகிறது. 'பைஸ்டாண்டர்' என்றே போடுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

– பதிப்பாசிரியர்

சரி, அப்புறம் 'ஐடென்டிட்டி சேலியன்ஸ்' இருக்கிறதே (நம் அடையாளங்களுள் ஒன்று அந்த நேரத்தில் மனத்தில் மேலெழுந்து நிற்பது), அதற்கு 'அடையாள முனைப்பு' என்று போட்டிருந்தேன். முனைப்பு என்றதும் செருக்கு வந்துவிடுகிறது.

– மொழிபெயர்ப்பாளர்

இதற்குத் தமிழ் கையிலேயே வழி வைத்திருக்கிறது. நாங்கள் என்றால் எதிரில் இருப்பவர் வெளியே. நாம் என்றால் உள்ளே. யுனைடெட் ரசிகருக்கு லிவர்பூல்காரர் 'நாங்க'ளுக்கு வெளியே. கால்பந்து ரசிகர் என்றதும் அவரும் 'நாம்'. நேற்று வகுப்பில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினேன், கடைசி வரிசைப் பெண், "அப்போ வட்டத்தை யார் வரையறாங்கன்றதுதானே கேள்வி?" என்றாள். 'நாமுணர்வு' என்று வைக்கலாமா?

– உளவியல் ஆசிரியை

பழைய வழக்கில் 'நாங்கள்' கிடையாது, 'யாம்'தான். விலக்கும் அடையாளத்துக்கு 'யாமுணர்வு' என்று வையுங்கள், இணை நன்றாக அமையும்.

– இலக்கண ஆசிரியர்

ஐயா, யாமுணர்வை அச்சில் பார்த்தால் 'யமுனா' என்று வாசிப்பார்கள்.

– பதிப்பாசிரியர்

நாளை அனுப்பியாக வேண்டும். 'அருகிருந்தோர்' என்று போடுகிறேன், நால்வர் சரி என்று தனி மடல் அனுப்பியிருக்கிறார்கள். நாமுணர்வை அடைப்புக்குறியில் விளக்கத்தோடு வைக்கிறேன்.

– மொழிபெயர்ப்பாளர்

அருகிருந்தோர் இடத்தைத்தான் சொல்கிறது; தடுக்கவோ விடவோ அவருக்கு இருக்கும் பொறுப்பு அதில் இல்லை. கண்டோருக்கு உண்டு. கேட்டவரும் அறிந்தவர்தானே, 'கண்டோர்' அவரையும் தாங்கும். அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள் அம்மா.

– இலக்கண ஆசிரியர்