மறு: கிராஸ்போவுக்குத் தமிழ்ச்சொல் – குறுக்குவில், விசைவில், பொறிவில்

குழுவினருக்கு வணக்கம்.

> மாசிடோனிய ஃபாலாங்க்ஸும் (நீண்ட ஈட்டியேந்தி நெருக்கமாக நிற்கும் காலாட்படை அணி) ஹான் சீனப் படையும் மோதியிருந்தால் என்ன ஆகும் என்ற கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கிராஸ்போ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. குறுக்குவில் என்றே போட்டுவிடலாமா?

போடலாம், படிப்பவருக்குப் புரியும். ஆனால் உங்கள் கட்டுரையின் வாதம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண வில்லில் இழுத்த நாணைக் கைதான் தாங்க வேண்டும். குறிபார்க்கும்போதே தோள் நடுங்க ஆரம்பித்துவிடும். மரத்தண்டின்மேல் குறுக்காக வில்லைப் பொருத்திய கிராஸ்போவில் நாணை ஒரு பூட்டு பிடித்துக்கொள்கிறது. வீரன் நிதானமாகக் குறிபார்த்து விசையைத் தட்டினால் போதும். சீனர்கள் அந்தப் பூட்டை வெண்கலத்தில் வார்த்தார்கள்: அசையும் உறுப்புகள் மூன்று, அவற்றைக் கோக்கும் ஆணிகள் இரண்டு. 1974இல் சீஆன் அருகே வெளிப்பட்ட சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படையோடு இந்த வெண்கல விசைகளும் கிடைத்தன, மரத்தண்டுகள் மக்கிவிட்டன. ஆண்டுக்கணக்கில் பழகிய வில்லாளி தேவையில்லை, உழவனைப் பிடித்து வந்து சீக்கிரம் பழக்கிவிடலாம் என்பதுதான் சீனப் படைகளுக்குக் கிடைத்த பெரிய லாபம். குறுக்கே கிடக்கும் வில்லில் இதில் எதுவும் தெரியாது. பெயர் பூட்டைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

> விசைவில் என்றால்?

விசைத்தறி, விசைப்படகு என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதிலும் மோட்டார் இருப்பதுபோல் ஒலிக்கும். தவிர, தட்டும் உறுப்புக்கு விசை என்ற சொல் நமக்குத் தனியாக வேண்டும். துப்பாக்கிக்கு அப்படித்தானே சொல்கிறோம்.

ஆகவே பொறிவில். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவல் கருவிகளை அடுக்கும்போது 'வளைவிற் பொறி' என்கிறது. தானே வளைந்து அம்பெய்யும் எந்திரவில் என்று உரை சொல்கிறது. அது மதிலில் நிறுத்திய பெரிய கருவி, கையில் தூக்கிப் போகிற ஆயுதமில்லை. இந்த வேறுபாடு நமக்கு வசதிதான். தமிழில் தொகையின் கடைசிச் சொல்தான் தலை. கையில் ஏந்துவது பொறிவில், அது ஒரு வகை வில். மதிலிலும் வண்டியிலும் ஏற்றுவது விற்பொறி, அது ஒரு வகைப் பொறி. கிரேக்க, ரோமப் பகுதிகளில் பேலிஸ்டா (அம்பும் கல்லும் எறியும் பெரிய எந்திரம்) வரும்போது இரண்டாவதைப் போடுங்கள்.

> பொறி என்றால் தீப்பொறி, ஐம்பொறி என்றும் குழப்பம் வருமே ஐயா?

வில்லோடு சேர்ந்து வரும்போது யாருக்கும் தீ நினைவு வராது. எலிப்பொறியை நினைத்தால் நல்லதே. இழுத்து நிறுத்தி, தட்டியதும் விடுவிக்கிற அதே வேலைதான் அதிலும்.

கிரேக்கரிடமும் இந்த வகை இருந்தது. கிரேக்கப் பொறியாளர் ஹெரான் வர்ணிக்கும் காஸ்ட்ராஃபெடீஸ் என்ற கருவியின் பின்முனையை வயிற்றில் அண்டக்கொடுத்து, முன்முனையைத் தரையில் ஊன்றி, உடம்பின் எடையால் அழுத்தி நாண் ஏற்றுவார்கள். வயிற்றால் எய்வது என்றுதான் கிரேக்கப் பெயருக்கே பொருள், எனவே வயிற்றுப் பொறிவில் எனலாம். சீனர்களின் கனமான வகையில் வில்லை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நாணை இழுப்பார்கள். அது மிதி பொறிவில். (இடுப்பால் இழுப்பதும் உண்டு. நம் ஊரில் குறுக்கு என்றால் இடுப்பு. அந்தக் கணக்கில் குறுக்குவில்லும் சரியாகத்தான் வரும் போலிருக்கிறது!) கிரேக்கர் இந்தக் கருவியைப் பெரிதாக்கி முற்றுகைக்குக் கொண்டுபோனார்கள், சீனர் காலாட்படைக்குப் பெருமளவில் கொடுத்தார்கள். கட்டுரையின் மோதலே இங்கேதான் இருக்கிறது.

ஒரு திருத்தம் சொல்லலாமா? 'பொறிவில் வந்தால் ஃபாலாங்க்ஸ் காலி' என்ற கட்டுரையின் தொனி அவசரம். பொறிவில் நாண் ஏற்ற நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் முன்னால் ஆள் நின்று காக்க வேண்டும். கி.மு. 99இல் ஹான் தளபதி லி லிங் 5,000 காலாட்களோடு வடக்கு நாடோடிகளான சியோங்நுவின் குதிரைப்படையிடம் சிக்கியபோது முன்வரிசைக்கு நெடிய ஈட்டிக்கோடரியும் கேடயமும், பின்வரிசைக்கு வில்லும் பொறிவில்லும் கொடுத்து நிறுத்தினார். அம்பு இருக்கும் வரை தாக்குப்பிடித்தார்கள். ஃபாலாங்க்ஸில் முன்னே நீளும் ஐந்து வரிசை ஈட்டிமுனைகளை அந்த முன்வரிசை எத்தனை நேரம் தடுத்திருக்கும்? சமதரையில் அதிக நேரம் இல்லை என்றே நினைக்கிறேன். மேடுபள்ளம் என்றால் கதை வேறு, கி.மு. 168இல் கிரேக்கத்தின் பிட்னாவில் மாசிடோனிய அணி விரிசல் விட்டதும் ரோமர் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

அப்புறம், இந்தச் சந்திப்பு முழுக்கக் கற்பனையும் இல்லை. கி.மு. 104க்கும் 101க்கும் இடையே ஹான் பேரரசர் வூவின் தளபதி லி குவாங்லி குதிரைகளுக்காக மத்திய ஆசியாவின் ஃபெர்கானா பள்ளத்தாக்கு வரை போனார். அலெக்சாண்டர் கி.மு. 329இல் நிறுவிய கடைக்கோடி அலெக்சாந்திரியா என்ற நகரம் அந்தப் பள்ளத்தாக்கின் வாசலில்தான் இருந்தது. ஆனால் முற்றுகையில் ஃபெர்கானாவின் தலைநகரைப் பணியவைத்ததில் தண்ணீரைத் திருப்பிவிட்டதற்குப் பெரிய பங்கு உண்டு. மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக இதைச் சேர்க்க முடியுமா பாருங்கள்.

கலைச்சொல் அட்டவணையில் பொறிவில், விற்பொறி, விசை, நாண்பூட்டு நான்கையும் ஏற்றிவிடுகிறேன். பொறிவில்லுக்கு நேரே 'குறுக்குவில் என்றும் வழங்கும்' என்று போட்டுவிடலாம். ஃபாலாங்க்ஸுக்கு வந்த 'வேலணி', 'நெருக்கணி' இரண்டையும் தனி இழையில் பேசுவோம், இதில் கலக்க வேண்டாம்.