பழைய கேரவன் பாத்தோம், கதவுகிட்ட தரை மெத்துமெத்துன்னு அமுங்குது – வாங்கலாமா வேணாமா?

ஊர்சுத்தி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. இப்ப உதவி வேணும். கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற டூரிங் கேரவன் ஒண்ணு வாங்கலாம்னு ஆறு மாசமா வீட்ல பேச்சு ஓடிட்டு இருக்கு (ஷூட்டிங்ல நடிகருங்க உக்காருற கேரவன் இல்லங்க, இந்தப் பேரச் சொன்னாலே எங்க சொந்தக்காரங்க அதத்தான் நினைச்சுக்கறாங்க). நாலு பேர் படுக்கணும், புதுசு வாங்குற அளவுக்கு கையில இல்ல, அதனால பழசுதான். இதுவரை ரெண்டு பாத்துருக்கோம்.

முதல் வண்டி 9 வருஷம் பழசு. உள்ள பளபளன்னு இருக்கு, எல்இடி லைட்டு, நல்ல மெத்தை, வீட்டுக்காரம்மாவுக்கு பாத்தவுடனே புடிச்சிருச்சு. ஆனா கதவத் தாண்டி கால வச்சோன்ன, அடுப்புக்கு முன்னாடி ஒரு ரெண்டடிக்கு தரை அமுங்குது, கூடவே கறக் கறக்னு சத்தம். விக்கிறவரு "எல்லா வண்டியிலயும் இப்படித்தான் சார், மிதிச்சு மிதிச்சு ஆகுறது"ன்னுட்டாரு. ரெண்டாவது வண்டி 12 வருஷம் பழசு, உள்ள பூப்போட்ட சீட்டு, அழுது வடியுது, ஆனா தரை பாறை மாதிரி. எனக்கு ரெண்டாவதுதான் நல்லா கட்டுன வண்டின்னு தோணுது. எடை தகட்டுல ரெண்டுமே அதிகபட்சம் 1350 கிலோன்னு போட்டிருக்கு, எங்க கார் 1600 கிலோ. வண்டி உறுதியா இருக்கான்னு எத வச்சு முடிவு பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாதையோரம்
ரெண்டாவது எடுங்க ப்ரோ. தரை போனா எல்லாம் போச்சு.

ஸ்பானர்_சித்தப்பு
அவசரப்படாதீங்க தம்பி. 20 வருஷத்துக்கு மேல இந்த வண்டிங்களுக்கு கீழ படுத்து எந்திரிச்சவன் சொல்றேன், தரை அமுங்குறதுக்கு ரெண்டு காரணம் உண்டு, ஒண்ணு சளி மாதிரி இன்னொண்ணு கேன்சர் மாதிரி.

கேரவன் தரைங்கிறது சாண்ட்விச். மேல மெல்லிசா ஒரு பிளைவுட், நடுவுல ஃபோம், கீழ இன்னொரு பிளைவுட், மூணையும் பசை போட்டு ஒட்டிருப்பாங்க. தனித்தனியா எதுக்கும் பலம் கிடையாது, ஒட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும்தான் பலம். ஜனங்க அதிகமா நிக்கிற எடம் கதவுகிட்டயும் அடுப்புகிட்டயும், அங்க பசை விட்டுப்போய் மேல் பிளைவுட் ஃபோம விட்டு தனியா எந்திரிச்சு நிக்கும், மிதிச்சா அமுங்கும், ரெண்டும் உரசி கறக் சத்தம் வரும். இதுக்குப் பேரு டீலாமினேஷன். மரம் காஞ்சு நல்லாத்தான் இருக்கும். மேல் பிளைவுட்ல மட்டும் சின்னச் சின்ன ஓட்டையா கட்டம் கட்டமா போட்டு, ரெண்டு பார்ட் கலக்குற ரெசின உள்ள ஏத்தி, ஓட்டைய மர ஆணியால அடைச்சு, மேல பலகையும் வெயிட்டும் வச்சு ஒரு நாள் விட்டா தரை திரும்ப கல்லு. கீழ் பிளைவுட்டையும் சேத்து ஓட்ட போட்டுட்டா ரெசின் ரோட்டுக்குப் போயிரும், அத மட்டும் பாத்துக்கணும்.

இன்னொரு காரணம் தண்ணி. கதவு ரப்பரு, இல்ல சுவரும் தரையும் சேர்ற ஓரம் வழியா தண்ணி ஏறி பிளைவுட் உளுத்துப்போயிருந்தா ரெசினெல்லாம் வேலைக்காகாது, வெட்டி எடுத்துதான் போடணும். எதுன்னு தெரிய வண்டிக்கு அடியில போய் அதே எடத்த கீழருந்து பாருங்க. கருப்பா திட்டு இருக்கா, ஸ்க்ரூடிரைவர் முனைய மெதுவா அழுத்துனா உள்ள போகுதா? போச்சுன்னா வந்த வழியே திரும்பிடுங்க. போகலன்னா அது சளி.

மழைவாசம்
சித்தப்பு சொன்னது சரி, ஆனா தரைய விட சுவரப் பாருங்க. எங்க கதைய சொல்றேன். நாங்க வாங்குன வண்டி வெளிய ஒரு கீறல் இல்ல, வித்தவங்க பேரு வேணாம், வாங்கி ரெண்டு மாசத்துல முன்பக்கம் படுக்கைக்கு அடியில இருக்குற பெட்டியத் தொறந்து போர்வைய எடுத்தா ஒரு மாதிரி பழைய கோணிப்பை வாசம், மூலைல கட்டை விரல வச்சு அழுத்துனேன், பிஸ்கட்டு டீல நனைஞ்சா எப்படி இருக்கும் அப்படி விரல் உள்ள போச்சு. மேல வால்பேப்பர் மட்டும் புதுசா ஒட்டி விட்டுருக்காங்க. சுவரு உள்ள இருந்த மரச் சட்டம் கைல பொடியா வந்துச்சு, நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

அதுல கத்துக்கிட்டது, ஈரம் தெரியுற எடத்துல ஓட்டை இருக்காது. மேல கூரை ஓரத்துல நுழைஞ்ச தண்ணி சட்டத்துக்குள்ளயே இறங்கி கீழ மூலைலதான் தலை காட்டும். அதனால நாலு மூலையும், ஜன்னலுக்குக் கீழயும், எல்லா பெட்டி லாக்கருக்குள்ளயும் கைய விட்டுப் பாக்கணும். வாசத்துக்கு ரூம் ஸ்ப்ரே அடிச்சு வச்சிருந்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துரும் இப்பல்லாம்.

ஊர்சுத்தி
ஐயோ. ரெண்டாவது வண்டில ஊதுபத்தி மாதிரி ஒரு ஸ்ப்ரே வாசம் இருந்துச்சுங்க, நான் சுத்தமா வச்சிருக்காருன்னு நினைச்சேன். ஈரம் பாக்குற மீட்டர்னு ஒண்ணு இருக்காமே, அத நம்பலாமா?

ஸ்பானர்_சித்தப்பு
நம்பலாம், ஆனா அது சொல்றத மட்டும் நம்பக்கூடாது. சர்வீஸ் பண்றவங்க வச்சிருக்குற கணக்கு, 15 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நிம்மதி, 15 முதல் 20 வரை கண்காணிக்கணும், 20 தாண்டுனா எங்கயோ தண்ணி நுழையுது, 30 தாண்டுனா மரம் ஏற்கனவே கெட்டுருக்கும். வாரக்கணக்கா வெயில் அடிச்ச பிறகு போய் பாத்தா எல்லாம் நல்லா காட்டும், நாலு நாள் மழை பெய்ஞ்சதும் போய் பாருங்க. அலுமினியம், ஸ்க்ரூ இருக்குற எடத்துல மீட்டர் தப்பா எகிறும், அதனால ஒரே எடத்துல எகிறுனா பயப்படாதீங்க, ஒரு திட்டா பக்கத்துல பக்கத்துல ஏறிட்டே போச்சுன்னா பயப்படுங்க.

கட்டுமானம் எப்படின்னு கேட்டீங்கல்ல. பழைய முறைல மரச்சட்டம் அடிச்சு, நடுவுல தெர்மோகோல் மாதிரி ஃபோம் வச்சு, வெளிய அலுமினிய தகடு போத்திருப்பாங்க. தண்ணி உள்ள போனா மரம் உளுக்கும். அப்புறம் வந்ததுல சிலது மரமே இல்லாம பிளாஸ்டிக், பாலியூரித்தேன் சட்டம் வச்சு, வெளிய ஃபைபர்கிளாஸ் தகடு போட்டு வருது. ஆலங்கட்டி மழைல அலுமினியத்துல குழி விழுந்துரும், ஃபைபர் அத தாங்கும், ஒட்டுப்போடவும் முடியும். ஆனா மரமில்லாத வண்டின்னா தண்ணியே வராதுன்னு நினைக்காதீங்க. உளுக்காது, அவ்வளவுதான். தண்ணி எப்பவும் ஓட்டை வழியா வரும், கேரவன்ல ஓட்டை எண்ணி மாளாது. ஜன்னல் ஒரு ஓட்டை, கூரை வென்ட் ஒரு ஓட்டை, லைட்டு, கைப்பிடி எல்லாம் ஓட்டை. கூரைல நடுவுல ஒட்டு இல்லாம ஒரே தகடா இருந்தா அதுவே பாதி ஜெயம்.

இதுல பெரிய திருடன் யாருன்னா பந்தல் துணி மாட்டுறதுக்கு பக்கவாட்டுல கூரை ஓரமா ஓடுற ரயிலு. அது முழுக்க வரிசையா ஸ்க்ரூ அடிச்சிருக்கும், ஒவ்வொண்ணும் சுவருக்குள்ள போற ஓட்டை, அடியில தண்ணி புகாம அடைக்கிற சீலன்ட் வச்சிருப்பாங்க, அது வருஷம் ஆக ஆக காஞ்சு சுருங்கி சூயிங்கம் மாதிரி இருந்தது சாக்பீஸ் மாதிரி ஆயிரும். ரயிலுக்கு மேல ஸ்க்ரூவ மறைச்சு ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும், விக்கிறவர்கிட்ட கேட்டுட்டு அதோட நுனிய ஒரு அரையடி உருவிப் பாருங்க. ஸ்க்ரூ தலை வெள்ளியா இருந்தா சந்தோஷம். துருவா பழுப்பா இருந்தா தண்ணி அங்க குடித்தனம் பண்ணுதுன்னு அர்த்தம்.

இழுவை_ராஜா
எடை கணக்கு நான் சொல்றேன். 1350ஐ 1600ஆல வகுத்தா 84 சதவீதம், புதுசா இழுக்குறவங்களுக்கு காரோட எடைல 85 சதவீதத்துக்குள்ள வச்சுக்கங்கன்னு அனுபவசாலிங்க சொல்றது, அதுக்குள்ள வருது, ஓகே. ஆனா கார் கம்பெனி எவ்வளவு இழுக்கலாம்னு போட்டுருக்குற அளவும் லைசென்ஸ் விதியும் வேற, அதையும் பாத்துக்கங்க.

எல்லாரும் கோட்ட விடுற எடம் வேற ஒண்ணு இருக்கு. தகட்டுல இருக்குற 1350 எல்லாம் ஏத்துன பிறகு இருக்க வேண்டிய எடை. காலி எடை 1190ன்னு வைங்க, மிச்சம் 160 கிலோதான் உங்க சாமானுக்கு. பேட்டரி ஒரு 20, 25 கிலோ, கார் இல்லாமலே வண்டிய தள்ளி நகர்த்துற மோட்டார் மாட்டிருந்தா 30 கிலோவுக்கு மேல, பந்தல் துணி, சிலிண்டர், 40 லிட்டர் தண்ணி நிரப்பிட்டுக் கிளம்புனா அதுவே 40 கிலோ. நாலு பேர் துணிமணி வைக்குறதுக்குள்ள தாண்டிரும். வெயிட்டான சாமான அச்சுக்கு நேரா, தரையோட தரையா வைங்க, பின்னாடி வச்சா வண்டி பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும், அத ஒரு தடவ அனுபவிச்சா ஜென்மத்துக்கும் மறக்காது. மூக்கு எடை, அதாவது கொக்கில கீழ அழுத்துற எடை, மொத்தத்துல 5 முதல் 7 சதவீதம், உங்களுக்கு 68ல இருந்து 94 கிலோக்குள்ள. கார் கொக்கியோட வரம்பு 75ன்னா 75தான், அதுக்கு மேல போகாதீங்க.

பாதையோரம்
டயரு பாருங்க ப்ரோ. பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் கிழடாயிருக்கும், நின்ன எடத்துலயே நிக்கிற வண்டியாச்சே. பக்கவாட்டுல கடைசி நாலு எண், 2317ன்னா 2017ல 23ஆவது வாரம் செஞ்சது. 5 வருஷத்துல மாத்தறது நல்லது, 7 தாண்டுனத ஓட்டவே ஓட்டாதீங்க.

ஊர்சுத்தி
நேத்து மழை விட்டதும் மீட்டர் கடன் வாங்கிட்டு ரெண்டு வண்டியும் திரும்பப் போய் பாத்தேன். மழைவாசம் அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

ரெண்டாவது வண்டி, நான் பாறைன்னு சொன்னேனே, முன்னாடி இடது பக்க படுக்கைப் பெட்டிய தொறக்கவே விடல, "சாமான் இருக்கு"ன்னாரு. நானே எடுத்து வைக்கிறேன்னு சொல்லி தொறந்தேன். மூலைல 28, கொஞ்சம் மேல 31, ஜன்னலுக்குக் கீழ 24. வால்பேப்பரு லேசா அலை அலையா இருந்துச்சு, முன்ன அத நான் டிசைன்னு நினைச்சிருக்கேன். ரயிலு பட்டைய உருவ ஒத்துக்கல. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

முதல் வண்டி எங்க வச்சாலும் 11, 12, 14. பின் ஜன்னல்கிட்ட மட்டும் ஒரு எடத்துல 17. அடியில படுத்துப் பாத்தேன், சட்டை போச்சு, ஆனா பிளைவுட் கெட்டியா இருக்கு, கருப்பு இல்ல, ஸ்க்ரூடிரைவர் இறங்கல. ரயில் ஸ்க்ரூ எல்லாம் வெள்ளி. டயரு 8 வருஷம், மாத்தணும். சித்தப்பு, இப்ப என்ன சொல்றீங்க?

ஸ்பானர்_சித்தப்பு
அப்ப உங்க வீட்டம்மா கண்ணுதான் ஜெயிச்சுது, ஒத்துக்கங்க. அந்தத் தரை வெறும் பசை விட்டது. அத காட்டி வெலைய பேசுங்க, இல்ல ரெசின் வேலைய அவரையே முடிச்சுக் கொடுக்கச் சொல்லி அதுக்கப்புறம் காசு கொடுங்க, நான்னா தரைய முடிச்சுக் கொடுக்கச் சொல்லித்தான் கேப்பேன். 17 இருந்த ஜன்னல்ல பழைய சீலன்ட்ட வழிச்சுட்டு புதுசு வச்சு, ஆறு மாசம் கழிச்சு அதே எடத்துல மீட்டர் வைங்க. எங்கெங்க எவ்வளவுன்னு இப்பவே ஒரு பேப்பர்ல வண்டி படம் போட்டு எழுதி வச்சுக்கங்க.

அடியில போனீங்கல்ல, சேசிஸ்ல யாராச்சும் புதுசா ஓட்ட போட்டுருந்தாங்களா? துத்தநாகம் பூசுன மெல்லிசு சேசிஸ், ஆல்-கோ மாதிரி செய்றவங்களே ஓட்ட போடாதீங்கன்னுதான் சொல்றாங்க. அப்புறம் சஸ்பென்ஷன்ல ஸ்பிரிங் இருக்காது, அச்சுக் குழாய்க்குள்ள ரப்பர்தான், ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி நிக்குதான்னு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் மட்கார்டுக்குள்ள ஏறி நின்னா ரப்பர் சோர்ந்துருச்சு.

ஊர்சுத்தி
ஓட்ட இல்ல, ரெண்டு பக்கமும் விரல் வச்சு அளந்தேன், ஒரே அளவு. சேசிஸ் நம்பரும் ஜன்னல் கண்ணாடில இருக்குற 17 எழுத்து நம்பரும் பேப்பரோட ஒத்துப்போகுது. தரைய அவரே சரி பண்ணித் தர்றேன்னுட்டாரு, டயரு என் செலவு.

மழைவாசம்
அருமை! ஒண்ணே ஒண்ணு, பார்க் பண்ணும்போது மூலைல இருக்குற கைப்பிடியப் புடிச்சு வண்டிய இழுக்காதீங்க. எல்லாரும் அதப் புடிச்சுதான் இழுப்பாங்க, அந்த ஆட்டத்துல சீலன்ட் விரிஞ்சுரும். எங்க வண்டில தண்ணி வந்த வழி அதுதான்.

இழுவை_ராஜா
கொக்கில ஆட்டம் தடுக்குற ஸ்டெபிலைசர் இருந்தா, கார் பின்னாடி இருக்குற உருண்டைல பெயிண்ட்டோ கிரீஸோ இருக்கக் கூடாது, உப்புத்தாள் போட்டு தேச்சு வெறும் இரும்பாக்கிட்டு மாட்டுங்க. உள்ள இருக்குற பேடு உராய்ஞ்சுதான் புடிக்கும், கிரீஸ் பட்டா பேடு அவுட்டு. டயர் மாத்தி 50 கிலோமீட்டர் ஓட்டுனதும் ஒரு தடவ நிறுத்தி வீல் நட்ட டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பானர்) வச்சு பாத்துருங்க.

ஊர்சுத்தி
உருண்டைல நேத்துதான் புது கருப்பு பெயிண்ட் அடிச்சேன் 🤦 உப்புத்தாள் எத்தனாம் நம்பர்?