மைட்டோகாண்ட்ரியா நோய்: நரம்பு முன்னோடி செல்லில் மருந்துத் தேடல், வித்தியாசமே தெரியலையே?

காலாப்பட்டு_செல்:
நோயாளியின் ஐபிஎஸ் செல்லிலிருந்து (எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய, லேப்ல உருவாக்கின தண்டு செல்) எடுத்த நரம்பு முன்னோடி செல்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் எம்டி-ஏடிபி6 மரபணுவில், 9185ஆம் இடத்தில் டி எழுத்து சி ஆன பிறழ்வு. 96 குழித் தட்டில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) அளந்தா நோய் செல்லும் நல்ல செல்லும் ஒண்ணாத்தான் இருக்கு. எங்கே தப்பு?

உப்பளம்_லேப்:
முதல்ல செல் வளர்க்கிற ஊடகத்தைப் பாருங்க. நரம்பு செல்லுக்கான நியூரோபேசல் ஊடகத்தில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார். அவ்வளவு சர்க்கரை கிடைச்சா செல் கிளைக்கோலிசிஸிலேயே (மைட்டோகாண்ட்ரியா இல்லாம சர்க்கரையை உடைச்சு ஆற்றல் எடுக்கிறது) காலத்தை ஓட்டிடும், குறை வெளியே வராது. பைருவேட், யூரிடின் சேர்த்தாலும் அதே கதைதான். அதுக்காக ஒரே நாள்ல கேலக்டோஸுக்கு (செல்லை மைட்டோகாண்ட்ரியாவை நம்ப வைக்கிற சர்க்கரை) மாத்திடாதீங்க, நல்ல செல்லும் சேர்ந்து செத்துடும்.

இந்தப் பிறழ்வுக்கு ஏடிபியை விட மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம்தான் நல்ல அளவுகோல். அதை ஒளியா காட்டுற டிஎம்ஆர்எம் சாயம் 20 நானோமோலார், 37 டிகிரி, 30 நிமிஷம். அழுத்தம் குறையும்னு எதிர்பார்க்காதீங்க, கூடும். ஏடிபி சிந்தேஸ் (ஏடிபி தயாரிக்கிற நொதி) வழியா புரோட்டான் சரியா இறங்காம தேங்கி நிக்குது, மேட்டூர்ல மதகை அடைச்ச மாதிரி. 2017இல் இதே பிறழ்வில் அவனாஃபில் மருந்து பிடிபட்டது இந்த அளவீட்டில்தான்.

தவளகுப்பம்77:
மேலே சொன்னது சரி. கூடவே, தட்டுக்குத் தட்டு எஃப்சிசிபி (சவ்வு மின்னழுத்தத்தைக் கலைக்கிற பொருள்) 1 மைக்ரோமோலார் குழிகள் வைங்க. அதுல ஒளி இறங்கலைன்னா சாயத்தையே நம்பாதீங்க. இந்த அளவுல சாயத்தைக் கழுவவும் கூடாது, கழுவினா படிக்கிறதுக்குள்ள கசிஞ்சிடும். எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கிற திரவம்) 0.1 சதவீதம்தான். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும், அதுல மருந்து போடாம பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊத்தி விடுங்க.

காலாப்பட்டு_செல்:
கழுவிட்டுத்தான் படிச்சிட்டிருந்தோம்! மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 3243ஆம் இடத்துப் பிறழ்வுக்கும் இதே முறையா அண்ணே?

உப்பளம்_லேப்:
அதுல ஹெட்டரோபிளாஸ்மி (ஒரே செல்லில் நல்ல டிஎன்ஏவும் பிறழ்ந்ததும் கலந்திருக்கிறது) தலைவலி. பாசேஜ் (செல்லைப் பிரிச்சுப் புதுத் தட்டுக்கு மாத்துற தடவை) ஏற ஏற பிறழ்வு விகிதம் மாறும். உறையவைக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் அளந்து எழுதி வைங்க.